பொங்கலுக்கு வளவில் வினாடி வினா: சுலபத்தில் தொடங்கி இறுகிக்கொண்டே போகும் கேள்விகள் வேண்டும்

முகப்புத்திண்ணை எழுதியது:

இந்தப் பொங்கலுக்குப் பெரிய வீட்டைத் திறக்கிறோம். பங்காளிகள் எல்லோரும் வருகிறார்கள். சென்னை, கோவை, சிங்கப்பூர், ஒரு புள்ளி (குடும்பம்) டல்லாஸிலிருந்து. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) வினாடி வினா. நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கலந்துகொள்பவர்களுக்கு வயது எட்டிலிருந்து எண்பது சொச்சம் வரை. எல்லாம் தமிழில்தான்.

காரைக்குடியில் ஒரு கடையில் பொது அறிவுப் புத்தகம் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை "எந்த ஆண்டு", "முதன்முதலில் யார்" என்றே ஓடுகிறது. அதை வைத்து நடத்தினால் இரண்டாம் சுற்று முடிவதற்குள் கூட்டம் பணியாரத்தைத் தேடி அடுப்படிக்குப் போய்விடும். நான்கு சுற்று, போகப் போகக் கடினம், இதுதான் திட்டம். முதல் சுற்றுக்கு நான் எழுதி வைத்திருப்பவை:

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?
சூரியக் குடும்பத்தில் மிகவும் சூடான கோள் எது?
உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?
சென்னையின் முதல் மேயர் யார்?
மியான்மரின் தலைநகர் எது?
பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்குக் கைகள் எத்தனை?

சரியா என்று பாருங்கள். மேலே மூன்று சுற்றுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள்.


கழனிவாசல் தம்பி எழுதியது:

அண்ணே, நான் குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், கேள்விக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் முதல் சுற்று ரொம்பச் சுலபம். மரகதப்புறா, புதன், சகாரா, ராஜா சர் முத்தையா செட்டியார் 1933, நேப்பிடோ, நான்கு கை. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கடினமான சுற்றுக்கு இவற்றை வையுங்கள்:

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு? 1929.
காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய நாள்? 1948 ஜூலை 25.
மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள்? 1801 அக்டோபர் 24.
காரைக்குடி கம்பன் கழகம் எந்த ஆண்டு? 1939.
அழகப்பா பல்கலைக்கழகம்? 1985.
கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு? 2019.

இன்னும் ஐம்பது இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

தம்பி, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு ஆறில் மூன்றைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள். நான்காவது ஒன்றில் பாதி. அதனால் இந்த முதல் சுற்று சுலபமே இல்லை என்று நான் சொல்கிறேன்.

சூடான கோள் வெள்ளி. சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன்தான், ஆனால் அதற்குப் போர்த்திக்கொள்ளக் காற்று மண்டலம் இல்லை. வெள்ளியைச் சுற்றிக் கனத்த கரியமில வாயு. வாங்கிய வெப்பத்தை வெளியே விடாது. இரவு பகல் வித்தியாசமில்லாமல் 460 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்கும்.

பாலைவனம்: மழை பெய்யாத நிலம் என்பதுதான் கணக்கு, மணல் இல்லை. அப்படிப் பார்த்தால் அண்டார்டிகா, சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சகாரா 90 லட்சத்தை ஒட்டி. "மிகப் பெரிய வெப்பப் பாலைவனம்" என்று கேட்டால் சகாரா. கேள்வியில் அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வளவில் சண்டை நிச்சயம்.

மேயர்: இது அதைவிட வம்பு. மதராஸ் மாநகராட்சி 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் உண்டானது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். பிறகு அந்தப் பதவி வழக்கொழிந்தது, மாநகராட்சிக்குத் தலைவர்தான் இருந்தார். 1933-ல் மேயர் பதவி திரும்ப வந்தபோது முதலில் உட்கார்ந்தவர் முத்தையா செட்டியார். நம் பக்கத்து ஆள் என்ற பாசத்தில் பாதி உண்மையை முழு உண்மை ஆக்கக்கூடாது. ஆண்டைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பிள்ளையார்பட்டியை நான் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஆண்டைக் கேட்பது கடினமான கேள்வி ஆகாது. ஒருவருக்கு அது தெரியும், அல்லது தெரியாது; யோசிக்க அதில் இடமே இல்லை. பதில் வந்தாலும் "ஓகோ" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவற்றை வைத்துத் தெரியாததைப் பிடிக்க வைப்பதுதான் நல்ல கடினமான கேள்வி. உதாரணத்துக்கு ஒன்று. யாரும் பையைத் தொடக்கூடாது. நம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் தொகை அச்சாகியிருக்கும். மேலிருந்து தமிழ் எத்தனையாவது?


அப்பத்தா பேரன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. கையில் ரூபாய் நோட்டே இல்லை, அதனால் என்னை நம்பலாம்.

மொழிகளின் ஆங்கிலப் பெயரை வைத்து அகரவரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள். அசாமி முதலில் வரும், அப்புறம் வங்காளி. நம்முடையது கடைசிப் பக்கம்தான். நமக்குப் பின்னால் தெலுங்கு, உருது. வேறு யாரும் வர வழியில்லை. பதினைந்தில் இரண்டு போனால் பதிமூன்று?


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

பதிமூன்றேதான். மனப்பாடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை பாருங்கள். இதை மூன்றாம் சுற்றில் வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகூட நிதானமாக யோசித்தால் பிடித்துவிடும், ஆனால் சட்டென்று வராது.


கழனிவாசல் தம்பி எழுதியது:

சரி சார். ஆனால் பரீட்சையில் ஆண்டைத்தானே கேட்கிறார்கள்? அங்கே யோசிக்க உட்கார்ந்தால் இருநூறு கேள்வியில் நூறுகூட முடியாது.

(பிள்ளையார்பட்டிக்கு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு கைதான். சின்ன வயதிலிருந்து போகிற கோயில்.)


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

பரீட்சை ஆளைக் கழிக்க நடத்துவது. பொங்கல் அன்று யாரையும் கழிக்க வேண்டியதில்லையே.


கவுனி அரிசி எழுதியது:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேயர், ரூபாய் நோட்டு, பல்கலைக்கழகம், தூக்கு. அந்த வளவில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பார்கள் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? அடுப்படிப் பக்கம் ஒரு கேள்வியைக் காணோம். நானே தருகிறேன்.

முதலாவது, இரண்டாம் சுற்றுக்கு: செட்டிநாட்டு மசாலாவில் போடும் பொருட்களில் செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ வராத ஒன்று எது? உப்பைச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, கடைசிச் சுற்றுக்கு: அதே மசாலாச் சாமானில் இன்னொன்றிலிருந்து எடுக்கும் அமிலத்தை வைத்து இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு மாத்திரை செய்கிறார்கள். எது?

குறிப்பு கேட்டால் தருவேன், விடை தர மாட்டேன்.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

ஆச்சி, முதலாவது கல்பாசிதானே? ஆனால் அது மரத்தில்தானே ஒட்டியிருக்கிறது, எப்படி மரத்திலிருந்து வராதது என்கிறீர்கள்?


கவுனி அரிசி எழுதியது:

மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் மரத்துடையது ஆகிவிடுமா? பாறையிலும்தான் ஒட்டுகிறது. கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், திருப்பினால் கறுப்பு, காய்ந்த பூ இதழ் மாதிரி சுருண்டிருக்கும். பச்சையாக முகர்ந்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. காய்ந்த எண்ணெயில் விழுந்த மறு நொடியில்தான் வாசம் எழும்பும். அது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர். வேர் கிடையாது, இலை கிடையாது, பூ கிடையாது. என் பேத்தி கல்லூரியில் தாவரவியல் படித்தபோது லைக்கன் என்று ஒரு பாடம் வந்தது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, இதைத்தான் படிக்கிறாய் என்றேன். அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.


அப்பத்தா பேரன் எழுதியது:

இரண்டாவதுக்கு நான் முயல்கிறேன் ஆச்சி. அந்தப் பொருள் நம் நாட்டில் விளைவதா, வெளியிலிருந்து வருவதா?


கவுனி அரிசி எழுதியது:

பூர்வீகம் தென் சீனா, வட வியட்நாம் பக்கம். எட்டு மூலை இருக்கும்.


அப்பத்தா பேரன் எழுதியது:

அன்னாசிப்பூ! அந்த மாத்திரை டாமிஃப்ளூ, ஒசெல்டாமிவிர். ஷிகிமிக் அமிலம். இங்கே பறவைக் காய்ச்சல் பயம் வந்தபோது பேப்பரில் படித்தது. பிரியாணியில் கிடந்தால் எடுத்து ஓரம் வைக்கிற சாமான் மருந்துக் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டது என்று அப்போதே ஆச்சரியப்பட்டேன்.

நானும் ஒன்று போடுகிறேன். எந்த நாட்டின் பணத்தாளில் தமிழ் எண்கள் அச்சாகியிருக்கின்றன? இலங்கைத் தாளில் தமிழ் எழுத்து உண்டு, சிங்கப்பூர்த் தாளிலும் சிங்கப்பூர் என்று தமிழில் உண்டு. நான் கேட்பது ௧, ௨, ௩ என்ற எண்களை.


கழனிவாசல் தம்பி எழுதியது:

மொரீஷியஸ்.

கூகுள் பார்க்கவில்லை, சத்தியமாக.


அப்பத்தா பேரன் எழுதியது:

சரிதான். கூடுதல் செய்தி: 1998-ல் அங்கே வந்த புதுத் தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறி, தமிழ் பின்னால் போய்விட்டது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் தாள்களையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். வாத்தியார் சாரின் பதிமூன்றாவது வரிக் கேள்விக்கு அடுத்து இதை வைத்தால் தொடர்ச்சியாக இருக்கும்.


முகப்புத்திண்ணை எழுதியது:

இதெல்லாம் அருமை. குறித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. கல்பாசியை எங்கள் வீட்டில் எந்த ஆச்சியைக் கேட்டாலும் அரை நொடியில் சொல்வார்கள். சென்னைப் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். நேப்பிடோ நேர்மாறு. பிள்ளைகள் சொல்லிவிடும், எங்கள் பெரிய ஐயா ரங்கூன் என்றுதான் சொல்வார், அதுவும் அடித்துச் சொல்வார். 2005 கடைசியில் தலைநகரை மாற்றிவிட்டார்கள் என்றால், யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பார். அவருடைய அப்பச்சி மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர்.

அப்படியென்றால் எது சுலபம், எது கடினம்? யாரை வைத்து வரிசைப்படுத்துவது?


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

ரங்கூன் என்றதும் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியது 1937 பிப்ரவரி 10. ஒரே நாளில் மூன்று ஊரில் கதவைத் திறந்தார்கள். இரண்டாம் சுற்றுக்குக் கேள்வி: எந்த மூன்று ஊர்? காரைக்குடி, சென்னை, ரங்கூன்.

பெரியவர்கள் இதை விட மாட்டார்கள்.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வால் சேர்த்தால் நான்காம் சுற்றுக்கே போகும்: திறந்த அன்று ரங்கூன் கிளை வெளிநாட்டுக் கிளையா, உள்நாட்டுக் கிளையா?


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

வெளிநாடுதானே சார், பர்மா? பெயரிலேயே ஓவர்சீஸ் இருக்கிறதே.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

பர்மாவை பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரித்தது 1937 ஏப்ரல் 1. 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் படி. வங்கி திறந்தது பிப்ரவரி. ஆக, ரங்கூன் கிளை இரண்டு மாதத்துக்கும் குறைவாக உள்நாட்டுக் கிளையாக இருந்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே வெளிநாட்டுக் கிளையாகிவிட்டது. கடல் தாண்டிப் போனதால் ஓவர்சீஸ் என்ற பெயருக்கு மட்டும் முதல் நாளே பழுதில்லை.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

இதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டு மடக்கப் போகிறேன்.


முகப்புத்திண்ணை எழுதியது:

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.


ஆத்தங்குடி பட்டறை எழுதியது:

பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு யோசனை சொல்கிறேன் அண்ணே. வயதுவாரியாகக் குழு பிரிக்காதீர்கள். ஒரு குழுவுக்கு ஒரு பெரியவர், ஒரு ஆச்சி, இரண்டு பிள்ளைகள், ஒரு வேலைக்குப் போகிற ஆள். அப்புறம் யாருக்குச் சுலபம் யாருக்குக் கடினம் என்ற பேச்சே வராது. குழுவில் ஒருவருக்குத் தெரிந்தாலே போதும் என்றால் சுலபம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால்தான் வரும் என்றால் கடினம். அப்படி வரிசைப்படுத்துங்கள்.

எங்கள் தொழிலிலிருந்து ஒரு கேள்வி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், சூளையில் எவ்வளவு நேரம் வேகும்?


அப்பத்தா பேரன் எழுதியது:

ஒரு நாள்? எங்கள் வீட்டில் பட்டாலை முழுக்க அந்தக் கல்தான், கேட்டதே இல்லை.


ஆத்தங்குடி பட்டறை எழுதியது:

வேகவே வேகாது. சூளையே கிடையாது எங்களிடம். இந்தக் கேள்விக்கு நூற்றில் தொண்ணூறு பேர் மணிக்கணக்கு சொல்லிவிடுவார்கள், கல் என்றாலே சுட்டது என்ற எண்ணம்.

செய்முறை இதுதான். தரையில் ஒரு கண்ணாடித் தட்டு, அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடிதான் கைவேலை. கை நடுங்கினால் சிவப்பும் பச்சையும் ஓடிக் கலந்துவிடும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் செய்வோம். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, எடுத்து வெயிலில் உலர்த்தினால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். தரையின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மெருகு எதுவும் போடுவதில்லை. இதை நான்காம் சுற்றில் "சூளை இல்லை, மெருகெண்ணெய் இல்லை, பளபளப்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். கேள்விக்குள்ளேயே பாதி வழி இருக்கிறது.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றதைப் பட்டறைக்காரர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். குழு கலவைதான் சரி. வெறும் பொறியாக வைக்கும் கேள்விகளைக் கொஞ்சமாக வையுங்கள் என்று மட்டும் நான் சேர்ப்பேன். ஒரு சுற்றுக்கு ஒன்று போதும். சூளைக் கேள்வியை அப்படியே கேட்டால் பொறி. பளபளப்பைக் கேட்டால் புதிர். இரண்டாவதுதான் உயர்ந்தது.

ஒரே ஒரு பொறிக்கு அனுமதி கேட்கிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவர் எந்த ஊர்க்காரர்? வளவில் குறைந்தது மூன்று பேராவது நம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொந்தம் கொண்டாடுவார்கள்.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

கோயம்புத்தூர். அந்தப் பொறியில் நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவன்.


கழனிவாசல் தம்பி எழுதியது:

வாத்தியார் சொன்னபடி நானும் ஒன்று செய்து பார்த்தேன், ஆண்டை விடையாகக் கேட்காமல் கேள்விக்குள் வைத்து. ஒருவர் 1919-ல் காரைக்குடிக்கு வந்து, கையில் கோலோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1947-ல் வெளிவந்த ஒரு படத்தை நம் காரைக்குடிப் பக்கம்தான் எடுத்தார்கள். அதில் அவருடைய பாட்டுகள். யார்?


கவுனி அரிசி எழுதியது:

பாரதியார். படம் ஏவி.எம்.மின் நாம் இருவர். இந்து மதாபிமான சங்கத்தார் அழைத்து வந்தபோது எடுத்த படம் அது. தம்பி, இது நல்ல கேள்வி. ஒரு பெரியவர் சினிமாவைச் சொல்வார், ஒரு பிள்ளை பாடப் புத்தகத்திலிருந்து பாரதியைச் சொல்லும். சேர்ந்தால்தான் முடிச்சு அவிழும்.

அப்படியே நம் பக்கத்து ஊர் சிறாவயலையும் சேருங்கள். 1927-ல் காந்தி அங்கே ஜீவானந்தத்தின் ஆசிரமத்துக்கு வந்து அவரைப் பார்த்துப் பேசியது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சிறாவயல் என்றால் மஞ்சுவிரட்டு மட்டும்தான் அவர்களுக்கு. அதுவும் பொங்கல் சமயம் வேறு.


அப்பத்தா பேரன் எழுதியது:

உலகப் பொது அறிவு ரொம்பக் குறைந்துவிட்டது, எல்லாம் காரைக்குடியைச் சுற்றியே ஓடுகிறது. டல்லாஸ் பிள்ளைகள் பாவம். இரண்டு தருகிறேன்.

ஒன்று: பூமியின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் மலை உச்சி எவரெஸ்ட் இல்லை. ஏன்? அந்த உச்சி ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ. உயரம் 6,263 மீட்டர்தான், எவரெஸ்ட் 8,848 இருக்கும்போதே. பூமி நடுவில் பிதுங்கியது. நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். சிம்போராசோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதால் அந்தப் பிதுக்கத்தின் மேல் ஏறி நிற்கிறது. மலையின் பெயரைக் கேட்டால் ஞாபகப் பரீட்சை. "ஏன்" என்று கேளுங்கள்.

இன்னொன்று: உலகிலேயே அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது? எல்லோரும் ரஷ்யா என்பார்கள், அதற்குப் பதினொன்று. பிரான்சுக்குப் பன்னிரண்டு, கடல் கடந்த பகுதிகளையும் சேர்த்து. குறிப்பு கேட்டால் "ஒரு காலத்தில் புதுச்சேரியை வைத்திருந்தவர்கள்" என்று கொடுக்கலாம்.


கழனிவாசல் தம்பி எழுதியது:

பிரான்ஸ் கேள்வியில் "கடல் கடந்த பகுதிகள் உட்பட" என்று சேர்க்காவிட்டால் மறுபடியும் சகாரா கதைதான் அண்ணே.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

தேறிவிட்டீர்கள் தம்பி.

கடைசிச் சுற்றின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது விளைநிலத்தில் நூற்றுக்கு ஆறு. 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. அந்த எட்டு வருடத்தில் அவர்கள் நிலம் வாங்க ஆசைப்படவில்லை. பிறகு எப்படி வந்தது?


கவுனி அரிசி எழுதியது:

கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. அவ்வளவுதான். இதற்கு வினாடி வினா எதற்கு, எந்தப் பழைய வீட்டுக் கணக்குப் பெட்டியைத் திறந்தாலும் இருக்கும்.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

ஆச்சிக்கு முழு மதிப்பெண். 1929-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், நெல் விலை விழுந்தது, விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. இவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் அங்கிருந்த விவசாயியின் கண்ணுக்கு, வெளியூர்க்காரன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்றுதான் தெரியும். அதில் நியாயமும் உண்டு. கேள்வியைச் சொல்லும்போது இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். பெரிய ஐயா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.


முகப்புத்திண்ணை எழுதியது:

கோபித்துக்கொள்வார், ஆனால் அன்று ராத்திரி முழுக்க ரங்கூன் கதை கிடைக்கும். வைத்துவிடுகிறேன்.

இதுவரை முடிவானது: குழுக்கள் பட்டறைத் தம்பி சொன்ன மாதிரி கலவை. முதல் சுற்றில் மரகதப்புறா, வெள்ளி, பிள்ளையார்பட்டி, "1933-ல் மேயர் பதவி திரும்ப வந்தபோது" என்ற மாற்றத்தோடு மேயர். பாலைவனத்தை எடுத்துவிட்டேன். இரண்டில் கல்பாசி, வங்கி, கோயம்புத்தூர், சிறாவயல். மூன்றில் ரூபாய் நோட்டு, மொரீஷியஸ், பிரான்ஸ், பாரதி. நான்கில் அன்னாசிப்பூ, சிம்போராசோ ஏன், ரங்கூன் கிளை உள்நாடா வெளிநாடா, ஆத்தங்குடிப் பளபளப்பு, பர்மா நிலம். நேப்பிடோவைத் தனியாக வைத்திருக்கிறேன், கூட்டம் தூங்கினால் எடுத்து விடலாம்.

சமநிலை வந்தால் என்ன செய்வது? பரிசு ஒன்றுதான் இருக்கிறது, கண்டாங்கி. இரண்டாகக் கிழிக்க முடியாது.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

வளவில் எத்தனை தூண் என்று கேளுங்கள். கிட்டத்தில் சொன்னவருக்குப் பரிசு.


முகப்புத்திண்ணை எழுதியது:

வளவில் உட்கார்ந்துகொண்டே எண்ணிவிடுவார்களே.


ரஸ்தா வாத்தியார் எழுதியது:

கிட்டத்தில் சொன்னவருக்கு என்ற முறை நல்லது, அதையே வைப்போம். கேள்வி: சூரியனிலிருந்து கிளம்பிய ஒளி பூமிக்கு வந்து சேர எத்தனை விநாடி? எழுதிக் கொடுக்கட்டும், பேசக்கூடாது. சரியான எண் 499.

இதைப் பெரிய கேள்வி என்று பயப்பட வேண்டாம். தூரம் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இதுவும் தெரியும். கோடியை லட்சத்தால் வகுப்பது யாருக்குக் கைவந்த கலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.


கவுனி அரிசி எழுதியது:

15 கோடியை 3 லட்சத்தால் வகுத்தால் ஐந்நூறு. பேப்பர் பேனாவே வேண்டாம். கண்டாங்கி என்ன நிறம்?


முகப்புத்திண்ணை எழுதியது:

ஆச்சி, நீங்கள் எங்கள் வீட்டுப் புள்ளி இல்லையே!


கழனிவாசல் தம்பி எழுதியது:

அண்ணே, மதிப்பெண் எழுத வெளி ஆள் ஒருவர் வேண்டுமல்லவா? பங்காளிகள் யாராவது எழுதினால் வம்பு வரும். நான் வரட்டுமா?


முகப்புத்திண்ணை எழுதியது:

தாராளமாக வா தம்பி. சாயங்காலம் நாலரை மணிக்கு. போனைத் திண்ணையிலேயே வாங்கி வைத்துவிடுவோம், உனக்கும் சேர்த்துத்தான்.